இரண்டு விரல் இடைவெளி

இன்னும் கட்டப்படாத வீடுகளைப் படமாக்கித் தருவது என் வேலை. என்ஜினீயர் வரைபடத்தை அனுப்பிவைப்பார். நான் அதைக் கம்ப்யூட்டரில் சுவர் சுவராக எழுப்பி, தரைக்குக் கல் பதித்து, சன்னல் வழியே வெயிலை உள்ளே விட்டு, வாசலில் ஒரு செம்பருத்திச் செடியும் வைத்துக் கொடுப்பேன். வீட்டுக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், 'சரிங்க, இப்படியே கட்டிப்போடலாம்' என்பார்கள். அந்த வீடுகளில் பகல் முழுக்க நடந்து திரிந்துவிட்டு மாலையில் எழுந்திருக்கும்போது, நான் இருப்பது வடவள்ளியில் எங்கள் வீட்டு மாடி அறை என்பது நினைவுக்கு வரச் சற்று நேரமாகும்.

போன வருடம் கோடையில் என் பழைய கம்ப்யூட்டர் தளர்ந்துபோனது. மத்தியானமானால் சூடேறி, பாதிப் படத்தில் நின்றுவிடும். வானம் வந்திருக்கும், கூரை வந்திருக்கும், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. அந்தரத்தில் தொங்கும் அந்தக் கூரைகளைப் பார்த்துக்கொண்டே மேஜைமேல் தலைசாய்த்துத் தூங்கியிருக்கிறேன். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு ஓட்டிப்பார்த்தேன். ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசத் தொடங்கியும் அதற்குக் குளிரவில்லை. புதிதாக ஒன்று வாங்குவதென்று முடிவு செய்தேன்.

பாகம் பாகமாகத்தான் வாங்கினேன். காந்திபுரத்துக் கடையில், "அசெம்பிள் பண்ணியே குடுத்தர்றோங்க மேடம்" என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். பதினாறு வருடமாக ஒரு பெட்டிமுன் உட்கார்ந்திருக்கிறேன், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கைவைத்துப் பார்த்ததில்லை. இந்த ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. வீடியோக்கள் பார்த்தேன், ஒரு நோட்டில் படம் போட்டு எழுதிக்கொண்டேன். ஆனாலும் பொடித் திருகாணிகள் என் விரலில் நிற்காமல் நழுவும். அதற்கு அண்ணனைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சோமனூரில் அவரும் அண்ணியும் எட்டு விசைத்தறி ஓட்டுகிறார்கள். நீளவாக்கில் ஓடும் நூலான பாவு ஒன்று தீர்ந்து புதுப் பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றையும் புது இழையோடு சேர்த்து முடிய வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். அண்ணன் அதை உட்கார்ந்த இடத்தில் பேச்சில்லாமல் செய்து முடிப்பார். அந்த விரல்கள் எனக்கு ஒரு நாளைக்குக் கிடைத்தால் போதும்.

போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்.

"அவரு ஷெட்டுக்குள்ள இருக்காருங் அம்மணி. ஞாயித்துக்கிழமைதான? வரச்சொல்லிப்போடறேன். நீங்க சாப்பாட்டுக்கு மட்டும் ஏற்பாடு பண்ணிக்கோங்."

ஞாயிறு காலை என் கணவர் வெள்ளகோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார். அவர் போன கொஞ்ச நேரத்தில் அண்ணன் மொபெட்டில் வந்து இறங்கினார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று துண்டை எடுத்து உதறினார். தலையில், புருவத்தில், முன்கை ரோமங்களில் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது. காற்று அதை வாங்கிக்கொண்டு தெருவோடு போயிற்று.

"உன்ற மிசினுக்குப் பஞ்சு ஆவாதில்ல? அதுதான் இங்கயே உட்டுட்டு வாரேன்" என்றார்.

மாடி அறைத் தரையில் போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். மேற்குச் சன்னல் திறந்திருந்தது. மருதமலை மேகத்துக்குள் பாதி இருந்தது. அட்டைப்பெட்டிகளிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் உறைகள் காற்றில் எழுந்து அறைக்குள் சுற்றின, மறுபடி படிந்தன. எனக்கு ஒன்றும் அவசரமில்லை. அவருக்கும் இல்லை.

மதர்போர்டை நான் எடுத்துவைத்தேன். பிராசஸரையும் நானே பொருத்தினேன். அதன்மேல் பசை தடவி, சூட்டை இழுக்கும் கூலரை உட்காரவைக்கும்போது அண்ணன் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். மெல்லிய தகடுகளை அடுக்கிய கோபுரம்போல் இருந்தது அந்தக் கூலர். கேபினெட் என்ற வெளிப்பெட்டியின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு. அது மூடும்போது கூலர் இடிக்குமோ என்று எனக்குப் பயம். அண்ணன் கீழே போய்த் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு வந்தார். கூலரின் உயரத்தை அதில் நகத்தால் கீறி, கேபினெட் விளிம்பில் வைத்துப் பார்த்தார்.

"மூடும். ஒரு கடலைப்பருப்பு அளவுக்கு எடமிருக்குது."

நான் எதையாவது சொன்னால் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டுத் தலையாட்டுவார், குனிந்துகொள்வார். சிறு வயதிலிருந்தே அவர் அதிகம் பேசாதவர். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒரு குளத்துக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் இருந்தது.

அடுத்து எஸ்.எம்.பி.எஸ். கரண்டை வாங்கி எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அதுதான். அதிலிருந்து கறுப்புக் கேபிள்கள் கற்றையாகக் கிளம்பின. தடித்தது, தட்டையானது, இரண்டாகப் பிரிவது. எனக்கு அவற்றைப் பார்த்ததும் தலை சுற்றியது. அண்ணன் கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். பிறகு கேபினெட்டைத் திருப்பி, மதர்போர்டுக்குப் பின்பக்கம் இருக்கும் ஒடுக்கமான இடத்தில் ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். எது எங்கே போகிறதோ அந்தத் துளைக்குப் பக்கத்தில் தலையைக் காட்டவைத்து, மீதியைப் படியவைத்துக் கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் நாடாவால் கட்டினார். முன்பக்கம் திருப்பியபோது உள்ளே இவ்வளவு வயர் இருப்பதே தெரியவில்லை. முன்னாலிருக்கும் மூன்று ஃபேன்களுக்கும் பின்னாலிருக்கும் ஒன்றுக்கும் நடுவே காற்றுக்குத் தடையில்லாத ஒரு வழி திறந்து கிடந்தது.

கடைசியாகக் கிராஃபிக்ஸ் கார்டு. செங்கல் அளவுக்குக் கனம். என் வீடுகளுக்குள் வெயிலைக் கொண்டுவரப்போவது அதுதான். அதற்கென்று தனியாக ஒரு பவர் கேபிள் உண்டு. அது கார்டின் விளிம்பில், கண்ணாடியைப் பார்த்தபடி செருகும்படியாக இருந்தது. செருகியபின் கேபிள் இரண்டு விரல் அகலமாவது நேராகப் போய், அப்புறம்தான் வளைய வேண்டும் என்று நோட்டில் நானே எழுதி வைத்திருந்தேன். ஆனால் கண்ணாடிக்கும் அதற்கும் நடுவே ஒரு விரல் இடம்கூட இல்லை.

கதவை வைத்து அழுத்தினேன். கேபிள் உள்ளே மடங்கியது.

"அழுத்தாத அம்மணி" என்றார் அண்ணன். "கழுத்தொடிஞ்ச மாதிரி நிக்குது பாரு."

"மூடிருச்சுங்ணா."

"மூடுனது தெரியுது. அதுக்கு மூச்சு வேண்டாமா?"

எனக்கு அந்தக் கண்ணாடியை விட மனமில்லை. உள்ளே நீல விளக்கு எரியும், இருட்டும் நேரத்தில் அது ஒரு மீன் தொட்டிபோல் இருக்கும் என்று பல நாளாக நினைத்து வைத்திருந்தேன். திருகாணியை முடுக்கினேன்.

பெட்டியை மேஜைக்குக் கீழே சுவரோடு ஒட்டி வைத்திருந்தேன். அவர் அதை ஒரு சாண் முன்னால் இழுத்தார். "பின்னாடி செவுத்துல முட்டிக்கிட்டிருந்தா சூடு எக்கட்டால போகும்?" என்றவர், "போடட்டுமா?" என்று கேட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

நீல விளக்கு எரிந்தது. அதே நொடியில் உள்ளேயிருந்து டர்ர்ர் என்று ஒரு சத்தம். ஏதோ ஒரு வயர் ஃபேன் இறக்கையில் உரசுகிறது. நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, நிறுத்துங்! நிறுத்துங்!"

அவர் நிறுத்தவில்லை. கேபினெட்டின் பக்கத்தில் குனிந்து, பின்பக்க ஃபேனுக்கு நேரே உள்ளங்கையை வைத்துக் காற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு. டர்ர்ர் என்ற சத்தம் அறையை நிறைத்தது. நான் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு? நல்லா ஓடுச்சே."

கதவைக் கழற்றி, உரசிய வயரைத் தேடினேன். முன்பக்க ஃபேனுக்குப் போகும் மெல்லிய வயர் அது, கட்டிலிருந்து நழுவியிருந்தது. அவர் அதை உள்ளே தள்ளிக் கட்டினார். அவர் குனிந்திருக்கும்போது, பின்னாலிருந்து சாதாரணக் குரலில், "அண்ணா, காபி வேணுங்களா?" என்று கேட்டேன். அவர் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டேன். கட்டி முடித்து மீதி வாலைக் கத்தரித்தார்.

காற்று சன்னல் கதவை ஒருமுறை மூடித் திறந்தது. அந்த இடைவெளியில் எத்தனையோ பழைய நாட்கள் எனக்கு வேறு மாதிரி தெரிந்தன. எப்போது போன் செய்தாலும் அண்ணிதான் எடுப்பார். குளிக்கிறார், படுத்திருக்கிறார், ஷெட்டில் இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். விசேஷ வீடுகளில் அண்ணன் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருப்பார். அப்பா படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் என்னவோ முணுமுணுத்தபோது, அண்ணன் 'சரிங்க, சரிங்க' என்று தலையாட்டினார். அப்பா என்ன சொன்னார் என்று நான் பிறகு கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்றார். அவருக்கு மனம் கல்லாகிவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன். அவரோடு பல மாதம் சரியாகப் பேசவில்லை.

அவர் முன்னால் போய் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "அண்ணா, உங்களுக்குக் காது கேக்கறதில்லீங்களா?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி கேக்கும். வாயைப் பாத்தா மீதி தெரிஞ்சுக்குவேன்."

"எத்தன நாளா?"

"ஆறேழு வருசமிருக்கும். தறிச் சத்தத்துல நிக்கற ஆளுக்கு இதெல்லாம் வர்றதுதான். உன்ற அண்ணிக்குத் தெரியும். வெளிய யாருக்கும் சொல்ல வேண்டாமுன்னு நாந்தான் சொல்லியிருக்கேன்."

"நான் வெளியாளா?"

அதை அவர் என் உதட்டில் படித்துவிட்டார். கதவை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இரண்டாம் முறை போட்டபோது சத்தமில்லாமல் ஓடியது. கீழே போய்ச் சாப்பிட்டோம். அரிசியும் பருப்பும் கலந்த சாதம், அவருக்குப் பிடிக்கும் என்று செய்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு மாடி அறையிலேயே துண்டை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனார். நான் ஒரு வீட்டைத் திறந்து ஓடவிட்டேன். முன்பு அரைநாள் பிடித்த படம், அவர் புரண்டு படுப்பதற்குள் முழுதாக வந்து நின்றது. வானம், கூரை, சுவர், வாசல், செம்பருத்தி. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தூங்கும் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காதோரம் ஒரு பஞ்சுத் துணுக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருக்கும், கருகல் நாற்றம் வந்தது. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்தேனோ என்று கீழே ஓடினேன். மேலே வந்தபோது திரை கறுத்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும் கேபிளின் முனை ஒரு மூலையில் பழுப்பேறி, மெழுகுபோல் இளகி உறைந்திருந்தது. கண்ணாடி அழுத்தி அழுத்தி, செருகியது ஒரு பக்கம் மெல்லக் கழன்றிருக்கிறது. முழுதாகப் படியாத இடத்தில் சூடு சேர்ந்திருக்கிறது.

அண்ணிக்குப் போன் செய்தேன். மறுநாளே அண்ணன் வந்துவிட்டார். நான் சொன்னேனே என்று சொல்வார் என எதிர்பார்த்து, பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. கருகிய முனையை மூக்கருகே வைத்து மோந்தார். மெல்ல உருவி எடுத்து, கார்டில் இருக்கும் ஊசிகளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"கார்டு தப்பிச்சுது. கேபிள் ஒண்ணு புதுசு வாங்கிக்க."

"கண்ணாடிய என்ன பண்றதுங்ணா? கழட்டி வெச்சுப்போடவா?"

"தொறந்து கெடந்தா முன்னாடி வர்ற காத்து பாதிவழியிலயே வெளிய போயிரும். தூசியும் அடையும். கதவு வேணும். இந்தக் கதவு வேண்டாம்."

அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, கண்ணாடியின் அளவுக்கு வெட்டி, திருகாணித் துளைகளைக் குறித்துக்கொண்டார். கணபதியில் தகடு வளைக்கும் ஒரு பட்டறை அவருக்குப் பழக்கம். ஐந்தாம் நாள், சாக்கில் சுற்றி மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு வந்தார். கறுப்புப் பெயின்ட் அடித்த தகட்டுக் கதவு. நடுவில், கார்டுக்கு நேரே, வெளிப்பக்கமாக உப்பியிருந்தது. அந்த உப்பலில் வரிசையாகப் பொடித் துளைகள். உள்பக்கம் கொசுவலை ஒட்டியிருந்தார்.

"எதுக்குங்ணா இவ்வளவு பெரிய தொப்பை?"

"ரெண்டு வெரலு வேணுமுன்னு நோட்டுல எழுதி வெச்சிருந்தயில்ல? பட்டறைக்காரன் மூணா வெச்சுக் குடுத்துட்டான்."

புதுக் கேபிளைச் செருகினேன். கிளிக் என்று படிந்தது. நேராக வந்து, நிதானமாக வளைந்து, பின்னால் போயிற்று. கதவை வைத்தேன், எங்கேயும் முட்டவில்லை. மீன் தொட்டி போய்விட்டது. ஆறு மாதக் கர்ப்பிணிபோல் மேஜைக்கடியில் அது உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவர் கையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"நீங்க அழுத்தாதன்னு சொன்னீங்க. நான் கேக்குல. கருகிப்போச்சு. இப்ப நான் ஒண்ணு சொல்றேன், நீங்க கேக்கோணும்."

"எனக்குத்தான் கேக்காதே" என்றார்.

"அதுக்குத்தான் டாக்டருகிட்ட வரச்சொல்றேன்."

"காதுல மிசின மாட்டிக்கிட்டுத் தெருவுல நடந்தா, கெழவனாயிட்டான்னு பேசுவாங்க" என்றார்.

"பேசட்டுமுங். அப்பத்தான் அது உங்களுக்குக் கேக்கும்."

ஆடி மாதத்தில் ஒரு நாள், அண்ணி தறிகளைப் பார்த்துக்கொள்ள, அவினாசி சாலையில் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் இருவரும் போனோம். கண்ணாடிச் சன்னல் வைத்த சின்ன அறைக்குள் அண்ணனை உட்காரவைத்து, காதுகளில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நான் வெளியே நின்று பார்த்தேன். கண்களை மூடிக்கொண்டார். முகம் கூர்ந்து எதற்கோ காத்திருந்தது. நேரம் போயிற்று. பரிசோதிக்கும் பெண் தன் எதிரிலிருந்த, சத்தத்தைக் கூட்டும் குமிழைத் திருப்பிக்கொண்டே இருந்தார். அண்ணனின் கட்டைவிரல் பொத்தான்மேல் அசையாமல் கிடந்தது. அப்பா முணுமுணுத்தது அவருக்கு எந்தத் தூரத்தில் நின்றுபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். ஒரு கட்டத்தில் விரல் அழுந்தியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

போனது திரும்பாது என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றலாம். தறி ஓடும்போது காதை அடைத்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரத்தில் காது கேட்கும் மெஷின் மாட்டிக்கொள்ளலாம். அடைப்பானை அண்ணிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். அண்ணன் எல்லாவற்றுக்கும் அவர் வாயையே பார்த்துத் தலையாட்டினார். நான் இந்த முறை ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து மெஷின் வந்தது. மாட்டிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அன்றைக்கு வடவள்ளியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஃபேன் இல்லை, எந்த வீட்டிலும் மோட்டார் இல்லை. அவர் மாடி அறையில் தரையில் உட்கார்ந்தார். நான் டம்ளரைக் கீழே வைத்ததற்குத் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"என்ன இத்தன சத்தமா வெக்கற?"

"மெதுவாத்தானுங்ணா வெச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவினார்கள். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். தெருவில் ஒருவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்து போனார், அண்ணன் அந்த நடை முக்குத் திரும்பும்வரை தலையைத் திருப்பிக்கொண்டே போனார். காற்று தென்னை ஓலைகளைத் தூக்கிப் போட்டது. பிறகு எல்லாம் ஓய்ந்து, வெயில் மட்டும் தரையில் நகர்ந்துகொண்டிருந்தது.

"அம்மணி, ஏதாச்சும் பேசு" என்றார்.

"என்னத்தப் பேசறதுங்ணா?"

"என்னமோ பேசு. அண்ணிகிட்டப் போன்ல பேசுவியே, அது மாதிரி."

பேசினேன். மழையைப் பற்றி, மாடிப்படி வளைந்து ஏறும் ஒரு வீட்டை நான் வரைந்துகொண்டிருப்பதைப் பற்றி, எனக்கு முட்டிவலி வந்திருப்பதைப் பற்றி. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன்ற கொரலு இப்படியா இருக்குது?" என்றார் நடுவில்.

"ஏனுங்ணா, எப்படி இருக்குது?"

"நான் நெனச்சுட்டிருந்தது வேற. அது சின்னப்புள்ளக் கொரலு." கொஞ்சம் யோசித்தார். "இது பெரிய பொம்பள. நம்ம அம்மா மாதிரி."

நான் டம்ளரைக் கையில் எடுத்தேன். அவர் விடவில்லை. "முட்டிவலின்னியே, அதச் சொல்லு. எப்பிருந்து?" என்றார். சுவரில் சாய்ந்துகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.